விடுபட்ட வரி

காஞ்சியில், பிள்ளையார்பாளையத்தில், தறியின் ஓசை ஓய்ந்திருந்த ஒரு மாலை வேளையில், நமது படிப்பகத்து வாயிலில் முதியவர் ஒருவர் வந்து நின்றார். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் வயது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. குழித்தறியை விட்டுவிட்டுப் படைக்குப் போனவர். 1971-ஆம் ஆண்டுப் போரின்போது கிழக்கு முனையில், ஆறுகளின்மீது பாலம் அமைத்த பிரிவொன்றில் பணியாற்றியவர். கையிலே ஒரு துணிப்பை. பையினுள்ளே பழுப்பேறிய சிறு புத்தகம். படையிலிருந்து விடுபடும் நாளில் வீரனிடம் தருகிறார்களே, அந்தப் பணிக் குறிப்பேடு!

சேர்ந்த நாள், நீங்கிய நாள், உயரம், உடல் அடையாளம், பெற்ற பயிற்சி, பெற்ற பதக்கம் எல்லாம் அதிலே இருந்தன. இருக்கவேண்டிய ஒன்று மட்டும் இல்லை. கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கென்று வழங்கப்பட்ட ‘பூர்வி ஸ்டார்’ பதக்கத்தின் பெயர் அந்த ஏட்டிலே ஏறவில்லை. எழுத்தர் மறந்தாரோ, முகாம் மாறியபோது தாள் தவறியதோ, யாரும் அறியார். பெரியவர் பல ஆண்டுகள் மனுப் போட்டார். வந்த பதில் எப்போதும் ஒன்றே: ஏட்டில் இல்லை, ஆகவே இயலாது.

நம்முடன் இருந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: “ஐயா, ஓய்வூதியம் வருகிறதல்லவா? ஒரு பதக்கம் இல்லாவிட்டால்தான் என்ன?”

பெரியவர் சினக்கவில்லை. சிரித்தார். “பென்சன் வருது தம்பி. பதக்கத்தெ வச்சி நான் என்னா பண்ணப்போறேன்? பொட்டியிலதான் கெடக்கும். ஆனா இந்தப் பொஸ்தகத்தெப் படிக்கிறவன், நான் அங்க போகவே இல்லன்னுல்ல நெனைப்பான்! எம் பக்கத்துல நின்னவன் அங்கியே போயிட்டான். அவன் எப்பிடிப் போனான்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான். நானே அங்க இல்லன்னா, அவனுக்குச் சாட்சி யாரு?”

கேட்ட இளைஞர் தலை கவிழ்ந்தார். நாமும் வாயடைத்து நின்றோம்.

* * *

தோழர்களே! எளிய கேள்விதான், ஆனால் எளிதில் கடந்துபோகக்கூடிய கேள்வியன்று. ஒரு செயல் நிகழ்ந்தது. ஏடு அதைச் சொல்லவில்லை. அதனால் செயலின் மதிப்புக் குறைந்துவிட்டதா? குறையவில்லை என்றால், ஏட்டைத் திருத்துங்கள் என்று அலைவானேன்? குறைந்துவிட்டது என்றால், மனிதனின் மதிப்பு எழுத்தரின் பேனா முனையிலா இருக்கிறது?

பகுத்தறிவு பேசும் நமக்கு இதிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. பட்டத்தைக் கண்டு நகைப்பவர் நாம். பல்லக்கைக் கண்டு சினப்பவர் நாம். பரிவட்டம் கட்டிக்கொள்ளப் போட்டியிடுவோரைக் கண்டு பரிதாபப்படுபவர் நாம். அப்படியிருக்க, ஒரு கிழவரின் மார்பிலே தொங்கவேண்டிய உலோகத் துண்டுக்காக நாம் வாதாடலாமா? “உங்களுக்கும் வந்துவிட்டதா விருதுப் பித்து?” என்று கேலி பேசுவோருக்கு என்ன விடை சொல்வது?

விடை இது: பரிவட்டம் வேறு, பதக்கம் வேறு. பரிவட்டம் ‘நீ யாருக்குப் பிறந்தாய்’ என்று பார்த்துக் கட்டப்படுவது. பதக்கம் ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்டுத் தரப்படுவது, தரப்படவேண்டியது. முன்னது இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டுகிறது. பின்னது நடந்த செயலை நடந்தது என்று சொல்கிறது. மேலும், பெரியவர் கேட்பது உலோகத்தை அன்று, ஒரு வரியை. ‘இவன் அங்கே இருந்தான்’ என்னும் ஒரே வரியை!

அந்த வரி இல்லாத ஏடு, ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்ட ஏடு மட்டுமன்று. பொய் சொல்லும் ஏடு. நடந்ததை விட்டுவிட்டு, ‘நடந்தவை இவ்வளவே’ என்று கையெழுத்தும் முத்திரையும் இட்டு நீட்டினால், அது பொய்யல்லாமல் வேறென்ன? பொய்யை எதிர்ப்பது பகுத்தறிவாளரின் வேலை என்றால், இதுவும் நம் வேலையே.

* * *

ஒருவருக்கு நேர்ந்த சிறு பிழை இது என்று எண்ணிவிடவேண்டாம். காஞ்சிக்கு அண்மையில் புள்ளலூர் என்றோர் ஊர் இருக்கிறது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஐதர் அலியின் படையும் திப்புவின் படையும் அங்கே கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. துணைக்கு வந்து சேரவேண்டிய மன்றோவின் பெரும்படை இதே காஞ்சியில் தங்கியிருந்தது; செய்தி கேட்டதும் சென்னைக்குப் பின்வாங்கியது. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27-இல், அதே புள்ளலூரில் அயர் கூட்டின் படைக்கும் ஐதரின் படைக்கும் இரண்டாவது போர்.

இன்றும் அங்கே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் பெயர்கள் உண்டு: ஜேம்ஸ் ஹிஸ்லப், ஜார்ஜ் பிரவுன். இருவரும் 1781-இல் மாண்ட வெள்ளை அதிகாரிகள். மாண்டவர்களுக்கு நினைவுக்கல் நாட்டியது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கேட்கிறோம்: அந்த இரு போர்களிலும் மாண்டவர்கள் இருவர்தாமா? கும்பினிப் படையிலே பெரும்பகுதி யார்? சென்னைப் படையின் சிப்பாய்கள்! தமிழர், தெலுங்கர், இசுலாமியர். எதிரே நின்ற மைசூர்ப் படையிலும் மாண்டவர் பலர். அவர்களின் பெயர் எந்தக் கல்லில்? எந்தத் தூணில்?

கல்லுக்குப் பஞ்சமான ஊரா இது? காஞ்சியின் கோயில் மதில்களைப் பாருங்கள், எழுத்துகள்! எழுத்துகள்! அணையா விளக்கு எரிப்பதற்கு விட்ட ஆடுகள் 90-ஆ 96-ஆ என்பதைக்கூடப் பிசகாமல் வெட்டி வைத்த கல்வெட்டு மரபு நம் நாட்டு மரபு. வரதராசர் கோயிலில் யார் முதலில் பாடுவது, எந்தப் பாட்டைப் பாடுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, பழைய ஆவணங்களை நீதிமன்றத்திலே அடுக்கினரே, அதே ஊர் இது! ஆட்டுக்குக் கணக்கு உண்டு. பாட்டுக்கு வழக்கு உண்டு. களத்திலே விழுந்தவனுக்கோ பெயர்கூட இல்லை.

பழந்தமிழர் இப்படியா இருந்தனர்? களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதை, கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளாக வகுத்துச் சொன்னது தொல்காப்பியம். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல, காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைக் குறித்து, வீரனின் பெயரையும் அவன் எதற்காக மாண்டான் என்பதையும் சொல்லுகின்றன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் பெயர் இருக்கிறது. அவனோடு நின்ற நாயின் பெயரும், ‘கோவிவன்’ என்று, இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாயின் தொண்டுக்குக் கிடைத்த நீதி, புள்ளலூர்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

அந்த நடுகற்களுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாகவேண்டும். சாமியாக்கினர்! எண்ணெய் பூசினர், மஞ்சள் பூசினர், பூசிப் பூசி எழுத்தை மறைத்தனர். மனிதன் தெய்வமானான், அவன் பெயரோ மறைந்தது. வணங்குவது வேறு, நினைவில் கொள்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

* * *

வெள்ளையன் காலத்துக் கணக்கைப் பார்ப்போம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று எண்ணிக்கை சொல்லும் கற்கள். தமிழ்நாட்டு ஊர்களிலும் அவற்றைக் காணலாம். எண் உண்டு, பெயர் இல்லை! 

இது நம் மனக்குறையன்று. அவர்களே ஒப்புக்கொண்ட உண்மை. போரில் மாண்டோரின் கல்லறைகளைக் காக்கும் பொதுநல நாடுகளின் ஆணையம், 2021 ஏப்ரலில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்டவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றது அந்த அறிக்கை. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்திலே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு!

ஏன் விடுபட்டன அந்தப் பெயர்கள்? மறதியா? மறதிக்கு நிறம் தெரியுமா? மறதிக்குச் சாதி தெரியுமா? தெரிந்தவனை நினைவில் வைத்துத் தெரியாதவனை மறப்பது மறதி. ஒரே குழியில் விழுந்தவர்களுள் ஒருவனுக்குப் பெயரும் மற்றவனுக்கு எண்ணும் தருவது மறதியன்று, கொள்கை.

* * *

அந்தக் கொள்கைக்கு ஒரு பெயரும் உண்டு: ‘போர்க்குடி’. சில இனத்தார் பிறக்கும்போதே வீரர். சில இனத்தார் பிறக்கும்போதே கோழை என்னும் கோட்பாடு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்து, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் அதன் பெரும் பரப்புரையாளர். தென்னாட்டான் போருக்கு ஆகான் என்றார் அவர். 1803-இல் அஸ்ஸாயிப் போரில் நின்ற படை எது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சென்னையின் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் சென்னை ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது.

இந்தக் கோட்பாடு நமக்குப் புதிதா? தோளில் பிறந்தவன் சத்திரியன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்று முன்னரே கேட்டிருக்கிறோமே! வருணாசிரமம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, அவ்வளவே. வேதம் சொன்னதை வெள்ளைத் தளபதி வேறு மொழியிலே சொன்னார்.

இங்கேதான் விடுபட்ட வரியின் கொடுமை விளங்குகிறது. முதலில், அவன் செய்ததை எழுதாதே. பிறகு, ‘அவன் செய்ததாக எங்கும் எழுதப்படவில்லையே’ என்று சொல். அதன் பிறகு, ‘செய்ததில்லை, ஆகவே செய்யமாட்டான்’ என்று முடிவுகட்டு. முடிவுகட்டிய பிறகு, அவனுக்கு வாய்ப்பே தராதே. வாய்ப்பில்லாதவன் எதைச் செய்வான்? எதைச் செய்யாதவனைப் பற்றி எதை எழுதுவது? வட்டம் முழுமையாகிவிட்டது! படையில் மட்டுமா இந்த வட்டம்? பள்ளியில், அலுவலகத்தில், கருவறையில், எங்கெங்கும் இதே வட்டம்தானே நம்மைச் சுற்றி வளைத்தது?

அந்தப் பொய்க்கு விடை சொன்ன மனிதர் இந்த மண்ணிலேயே இருக்கிறார். இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும், 1941-இல் சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. கோழைகளின் நாடு ஓரிரவில் வீரர்களின் நாடாகிவிட்டது போலும்! சென்னைச் சாப்பர்ஸ் படையோ, பாலம் கட்டவும் பாதை வெட்டவும் கண்ணிவெடி அகற்றவும் தேவைப்பட்டதால், கலைக்கப்படாமல் இருந்தது. அதிலே ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சி வட்டாரத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1944-இல் இத்தாலி நாட்டில், மிக்னானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணிவெடியின்மீது தம் உடலையே கவிழ்த்து, உடனிருந்தவர்களைக் காத்து மாண்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் பெயருக்கு வந்தது.

அவர் செயல் ஏட்டில் ஏறியது. ஏன்? கண்டவர் இருந்தனர், கண்டதை எழுதினர், எழுதியதை மேலே அனுப்பினர். காணப்படாமலும், கண்டும் எழுதப்படாமலும் போனவை எத்தனையோ! அதுமட்டுமா? ஏட்டில் ஏறிய சுப்பிரமணியனையேனும் நாம் அறிவோமா? கருட சேவை எந்த நாள் என்று காஞ்சியிலே கேட்டால் குழந்தையும் சொல்லும். கீழ்ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியன் யார் என்று கேட்டால்? அரசு ஏட்டைத் திருத்தச் சொல்லும் நாம், நம் நினைவேட்டையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளவேண்டாமா?

* * *

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் கறுப்பினப் படைவீரர் ஹென்றி ஜான்சன், 1918-இல் பிரான்சு நாட்டில், இரவிலே தாக்கிய ஜெர்மானியரைத் தன்னந்தனியே எதிர்த்துப் போரிட்டு, படுகாயமடைந்த தோழரைக் காத்தார். பிரெஞ்சு அரசு உயர்ந்த பதக்கம் தந்தது. அவருடைய சொந்த நாடோ, விடுவிப்புத் தாளில் அவர் அடைந்த காயங்களைக் குறிக்கவே இல்லை. காயம் ஏட்டில் இல்லை. ஆகவே காயத்துக்குரிய சிறப்பும் இல்லை! உடலில் இருந்த வடு, தாளில் இல்லாததால், இல்லாத வடுவாகிவிட்டது. 1929-இல் அவர் மாண்டார். அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவர் பெயருக்கு வந்தது 2015-இல்.

இரண்டாம் உலகப் போருக்காக அந்த உயர்ந்த பதக்கத்தை 400-க்கும் மேற்பட்டோர் பெற்றனர். அவர்களுள் ஒரு கறுப்பர்கூட இல்லை. 1990-களில் ஆராய்ச்சிக் குழு ஒன்று பழைய ஏடுகளைப் புரட்டி, இனப் பாகுபாடே காரணம் என்று காட்டியது. 1997 சனவரியில் ஏழு கறுப்பின வீரர்களுக்கு அப்பதக்கம் வழங்கப்பட்டது. ஏழு பேரில் உயிரோடிருந்து பெற்றுக்கொண்டவர் ஒருவர்; வெர்னான் பேக்கர். மற்ற அறுவர்? நீதி வந்து கதவைத் தட்டியபோது வீட்டில் ஆள் இல்லை.

ஏட்டின் வலிமை என்ன என்பதை அறிய மராட்டியத்துக் கோரேகாவுக்குச் செல்வோம். 1818 சனவரி முதல் நாள் நடந்த போரில் மாண்ட கும்பினிச் சிப்பாய்களின் பெயர்கள் அங்குள்ள தூணிலே உண்டு. 49 பெயர்கள், அவற்றுள் 22 மகார்களுடையவை என அடையாளம் காணப்பட்டவை. தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கியவனைக் கல் ஒதுக்கவில்லை. 1890-களில் அதே மகார்களைப் படையில் சேர்ப்பதில்லை என்று அரசு முடிவு செய்தபோது, அவர்கள் அழவில்லை, ஏட்டைக் காட்டினர். 1894-இல் கோபால் பாபா வலங்கர், 1910-இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே என்று மனுவுக்கு மேல் மனு எழுதி, எங்கள் முன்னோர் இன்ன இன்ன போரில் நின்றனர் என்று எடுத்துக்காட்டினர். 1927 சனவரி முதல் நாள், சுபேதார் ராம்ஜியின் மகனான டாக்டர் அம்பேத்கர் அந்தத் தூணின் முன்னே நின்றார். 1941-இல் மகார் ரெஜிமெண்ட் எழுந்தது.

கோரேகாவின் தூணில் பெயர் இருந்தது. உரிமை கேட்க அது கருவியாயிற்று. புள்ளலூரின் தூணில் நம்மவர் பெயர் இல்லை. கேட்பதற்குக் கருவியும் இல்லை. ஏடு என்பது இறந்தவனுக்குச் சூட்டும் மாலையன்று. இருப்பவன் கையில் கொடுக்கும் பத்திரம்!

* * *

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்லியாகவேண்டும்.

“கும்பினிக்குக் கூலிக்குப் போர் செய்தவன், சாம்ராஜ்யத்துக்காகச் செத்தவன், அவனுக்கு ஏன் பெயர்? போரைப் புகழ்வதா பகுத்தறிவு?” என்பது முதல் மறுப்பு. நாம் போரைப் புகழவில்லை. பெயரை எழுதுவது வேறு, புகழ்வது வேறு. உண்மையிலேயே போரை வெறுப்பவன், மாண்டவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லவேண்டும். ‘பேரிழப்பு’ என்னும் ஒரே சொல்லில் மறைந்துபோகும் கொடுமை, பெயர் பெயராக எழுதும்போதுதான் கண்ணைக் குத்தும். அவன் ஏன் போனான் என்பதையும் எழுதட்டும். பஞ்சத்தால் போனானா, சேரிக்குள் அடைபட்ட வாழ்விலிருந்து தப்பப் போனானா, சீருடை அணிந்தால் தெருவிலே நிமிர்ந்து நடக்கலாமே என்று போனானா? முழு ஏட்டையும் எழுதிய பிறகு தீர்ப்புச் சொல்லலாம். ஏடே இல்லாமல் தீர்ப்புச் சொல்வது வைதீகத்தின் வழக்கம், நம் வழக்கமன்று.

இரண்டாம் மறுப்பு வலுவானது. “கேட்டவர்க்கெல்லாம் ஏட்டைத் திருத்தினால், போகாதவனும் போனேன் என்பான், பொய்யும் மெய்யும் கலந்துவிடாதா?” கலந்துவிடும்! ஆகவே சான்று வேண்டும் என்பதை நாம் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயிரம் ஆண்டு நம்பிக்கையாயினும் சான்று கேட்பவர் நாம். நமக்கு வேண்டியவர் என்பதற்காகச் சான்றின்றி ஏற்போமா? மெய்யான வரியைச் சேர் என்று சொல்லும் வாய், பொய்யான வரியை அடி என்றும் சொல்லவேண்டும். பொய்ப் பதக்கம் அணிபவன், மெய்யாக விழுந்தவனின் பெயரைத் திருடுகிறான்.

ஆனால் சான்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் நமக்கு ஒரு சொல் உண்டு. ஏட்டை எழுதியவன் அரசு; பூட்டி வைத்தவன் அரசு; தொலைத்தவனும் அரசு. தொலைத்துவிட்டு, ‘கொண்டுவா ஏட்டை’ என்று கிழவனிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? 1973 சூலை 12-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவண மாளிகையில் தீப்பிடித்து, 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன. ‘எரிந்துவிட்டது, எனவே நீ படையிலேயே இல்லை’ என்று சொல்லவில்லை அந்த அரசு. சம்பளக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, பிற அலுவலகங்களின் தாள்கள் எனத் தேடித் தொகுத்து, அழிந்த ஏட்டை மீண்டும் கட்டும் வேலையைத் தானே மேற்கொண்டது. ஏட்டுப் பிழையைத் திருத்துவதற்கென்றே 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வாரியங்களும் அங்கே உண்டு.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதிய வழக்கொன்றில், 2001-இல், குற்ற வழக்குக்குக் கேட்பதுபோன்ற கடுஞ்சான்றை இங்கே கேட்கலாகாது, நிகழ்ந்திருக்கக்கூடியதா என்று பரந்த நோக்கில் பார்க்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பிறந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. 1999 கார்கில் போரில் 70-ஆம் காலாட்படைப் பிரிகேடின் தலைவராக இருந்த தேவிந்தர் சிங், போர்ப் பதிவிலே தம் பங்கு திரித்து எழுதப்பட்டது என்று வழக்காடினார். 2010 மே மாதத்தில் அந்தத் தீர்ப்பாயம், மேலதிகாரியின் மதிப்பீடு நடுநிலையானதன்று என்று கண்டு, பதிவைத் திருத்தும்படி ஆணையிட்டது. பிரிகேடியருக்கே பதினோராண்டு! பிள்ளையார்பாளையத்துச் சிப்பாய்க்கு எத்தனை ஆண்டோ?

ஏட்டைத் திருத்தினால் அரசின் மதிப்புக் குறையுமோ என்று அஞ்சும் அதிகாரிகளை, காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூருக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். பராந்தக சோழன் காலத்தில், 919-இல், குடவோலை முறைக்கு விதி வகுத்துக் கல்லில் வெட்டினர். இரண்டே ஆண்டில் அதிலே குறை கண்டனர். 921-இல் திருத்திய விதியை மீண்டும் கல்லில் வெட்டினர். வேதம் கற்றவனுக்கும் நிலம் உடையவனுக்குமே இடமளித்த சபை அது; அதன் புகழைப் பாட நாம் வரவில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்ற விதியும், கல்லெழுத்தே ஆனாலும் பிழையென்றால் திருத்தலாம் என்ற துணிவும் அந்தச் சுவரிலே இருக்கின்றன. கல்லைத் திருத்தினர் அன்று! தாளைத் திருத்தத் தயங்குவதா இன்று?

* * *

பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்.

ஏட்டில் ஏறாததால் அவர் செய்ததின் மதிப்புக் குறையவில்லை. அவர் கட்டிய பாலத்தின்மீது படை கடந்தது. அதை எந்த எழுத்தரும் அழிக்கமுடியாது. குறைந்தது ஏட்டின் மதிப்பு. ஏட்டை நம்பி வாழும் நம் மதிப்பு. ஆகவே திருத்தம் என்பது அவருக்கு நாம் செய்யும் உபகாரமன்று. நமக்கு நாமே செய்துகொள்ளும் கடமை.

இதை இந்த ஊரில் விளக்கவும் வேண்டுமா? பாவிலே ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? ‘ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே’ என்று விட்டுவிடுகிறாரா? தறியை நிறுத்துகிறார். அறுந்த நுனியைத் தேடுகிறார். முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்த பிறகே அடுத்த ஊடையை ஓட்டுகிறார். விட்டுவிட்டால், அந்த ஒற்றை இழையின் குறை, சேலை முடியும் மட்டும் கோடாக ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் இருப்பார் இப்படியொரு முதியவர். துணிப்பையும் பழுப்பேறிய புத்தகமுமாக எந்தெந்த அலுவலகத்துத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார். அவரிடம் செல்லுங்கள். அருகில் அமர்ந்து, எந்த ஆண்டு, எந்த முகாம், உடன் இருந்தவர் யார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். பழைய கடிதம், பணவிடைத் துண்டு, நிழற்படம் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கும் மனு எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் தீர்ப்பாயத்தின் கதவு இருக்கிறது. மேடையிலே முழங்குவதுபோல் இதிலே கைத்தட்டல் கிடைக்காது. பகுத்தறிவின் பெரும்பாலான வேலைகள் கைத்தட்டல் இல்லாத வேலைகளே.

பிள்ளையார்பாளையத்துப் பெரியவரின் மனுவை அன்றிரவே எழுதினோம். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கிழக்கு முனையில் தம் பக்கத்தில் நின்று மாண்ட தோழரின் பெயரையும் அதிலே எழுதவேண்டும் என்றார். பதக்கம் கேட்கும் மனுவில் அந்தப் பெயருக்கு வேலை இல்லை என்று விதி தெரிந்த ஒருவர் சொன்னார். பெரியவர் கேட்கவில்லை. எழுதினோம்.

மனுவுக்கு இன்னும் விடை வரவில்லை. அந்தப் பெயர் மட்டும் முதன்முதலாக இந்த ஊரில் ஒரு தாளில் ஏறியிருக்கிறது.